தொளியில் கால் வழுக்காத ஃபுட்போர்டு

கேள்வி: அண்ணாச்சி, திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு வயது 63. 45 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருக்கிறார். எங்கள் வயல், அக்கம்பக்கத்து வயல் எல்லாம் அவரே உழுகிறார். போன பிசானப் பருவத்தில் தொளி அடித்துவிட்டு (தண்ணீர் கட்டி வயலைச் சேறாக உழுதுவிட்டு) இறங்கும்போது, கால் வைக்கும் பலகையான ஃபுட்போர்டில் கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே கிழிந்து தையல் போடும்படி ஆகிவிட்டது. இப்போது ஆறிவிட்டது. அடுத்த கார் பருவ நெல் சாகுபடி தொடங்குவதற்குள் நல்ல ஃபுட்போர்டு மாற்றிக் கொடுக்க ஆசைப்படுகிறேன். பனி நாட்டில் ஓட்டும் ஸ்னோமொபைலுக்கு ஓட்டை ஓட்டையாக அலுமினியத்தில் கால்பலகை வாங்கி மாட்டுவதை வீடியோவில் பார்த்தேன். அதுபோல நமக்கும் செய்யலாமா? ஊர்ப் பட்டறைக்காரர், ‘5 எம்.எம். செக்கர் பிளேட்டை (புடைப்பு வைத்த இரும்புத் தகடு) வண்டியோடு சேர்த்து வெல்டு வைத்துத் தருகிறேன், ஆயுசுக்கும் அசையாது’ என்கிறார். அப்பாவோ, ‘மாத்துறதுதான் மாத்துற, இடது பக்கம் அரை அடி அகலமாப் போடு, நடவுக்கு வாற ஆளுக ரெண்டு பேர் நின்னு வரலாம்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?

பதில்:

தம்பி, காயம் ஆறியது நல்ல செய்தி. வயல் சேற்றில் பட்ட காயம் என்பதால் அன்றைக்கு அப்பாவுக்கு டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். போடவில்லை என்றால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் பார்த்த ஓட்டை அமைப்பு நமக்கும் பொருந்தும், அலுமினியம் பொருந்தாது. பட்டறைக்காரர் போர்டு செய்து தரட்டும், ஆனால் வண்டியில் வெல்டு வைக்க வேண்டாம், போல்ட்டில்தான் மாட்ட வேண்டும். அப்பா கேட்கும் அந்த அரை அடி கூடவே கூடாது. ஃபுட்போர்டின் வேலை சேற்றைக் கீழே விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொள்வது. ஆள் நிற்க இடம் கொடுப்பது அதன் வேலை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் எதைக் காட்டினாலும் நீங்களே தரம் பிரித்துவிடலாம்.

அப்பாவுக்குக் கால் எதில் வழுக்கியது என்று பார்ப்போம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் உங்கள் வயல்களில் தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண். தண்ணீர் கட்டித் தொளி அடிக்கும்போது அது வெண்ணெய்ப் பதத்துக்கு வந்துவிடும். கால் விரலிடுக்கில் புகுந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் போகும். அந்தக் காலோடு ஒருவர் வண்டியில் ஏறுகிறார், வரப்பை வெட்டிவிட இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். செக்கர் பிளேட்டில் எழும்பி நிற்கும் புடைப்பு ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். சில தடவை ஏறி இறங்குவதற்குள் களி அந்தப் பள்ளங்களை மெழுகி நிரப்பிவிடும். இன்ஜின் சூட்டிலும் வெயிலிலும் அடியில் இருப்பது காய்ந்து தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், மேலே புது ஈரச்சேறு வந்து உட்காரும். அதற்குப் பிறகு அங்கே புடைப்பும் கிடையாது, தகடும் கிடையாது. காய்ந்த களிமேல் ஈரக்களிதான். அதில் குதிகால் வைத்தால் வழுக்கத்தான் செய்யும்.

சந்தேகமாக இருந்தால் அப்பாவின் வண்டியில் இப்போது இருக்கும் போர்டை ஒரு ஸ்குரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள். பெடலுக்குக் கீழே குதிகால் வைக்கும் இடத்திலும், ஏறும்போது முதலில் கால் படும் வெளி ஓரத்திலும் புடைப்பு தேய்ந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கும். ஓரம் லேசாகக் கீழ்நோக்கி மடங்கியும் இருக்கலாம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மிதித்து ஏறினால் அப்படித்தான் ஆகும். சரிந்த ஓரத்தில் சேறும் சேர்ந்தால், எவ்வளவு கவனமாக இறங்குகிறவருக்கும் கால் வெளியேதான் போகும். ஆகவே 3 எம்.எம். இருந்த இடத்தில் 5 எம்.எம். செக்கர் பிளேட் போடுவதால் அப்பாவின் காலுக்கு ஒரு பயனும் இல்லை. தகடு கனமாகும், வழுக்கல் அப்படியே இருக்கும். மேலே ரப்பர் மேட் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மேட்டுக்கு அடியிலும் சேறு போகும், மேட் நகரும், நகர்ந்து போய்க் கிளட்ச்சுக்கோ பிரேக்குக்கோ கீழே சுருண்டு நிற்கும்.

இனி அந்த ஸ்னோமொபைல் விஷயம். நீங்கள் பார்த்தது சரியான பொருளைத்தான். அந்த வண்டியின் நடுவில் பெல்ட் ஓடும் கூடு ஒன்று இருக்கும். அதன் இரண்டு பக்கமும் நீளமாகக் கால்பலகை போகும். ஓட்டுகிறவர் பாதி நேரம் எழுந்து நின்றுதான் ஓட்டுவார், வண்டியைச் சாய்க்கவும் திருப்பவும் காலையும் அழுத்த வேண்டும். பூட்ஸுக்கு அடியில் பனி அமுங்கி அமுங்கி ஐஸ் கட்டியாகிவிட்டால் கால் நிற்காது. அதனால் பலகையில் பெரிய பெரிய திறப்பு விட்டு, பனி கீழே விழுந்துவிடும்படி செய்கிறார்கள். விளிம்பில் பல் வைத்துப் பூட்ஸைப் பிடிக்க விடுகிறார்கள். பனிக்குப் பதில் களி என்று வைத்துக்கொண்டால் நம் பிரச்சினையும் அதுதான். அந்த யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் நாம் அவர்களிடமிருந்து வேறுபடுகிறோம். அதில் ஒன்றை யாரும் யோசிப்பதில்லை. அவர்கள் காலில் கட்டிப் பூட்ஸ். தொளி அடிக்கும் நம் ஆட்கள் வெறுங்கால். அந்தப் பலகையின் பல் தேங்காய்த் துருவி மாதிரி இருக்கும். தண்ணீரில் ஊறி மெதுவாகிப் போன பாதத்தை அதில் வைத்து, முழு உடம்புப் பாரத்தையும் இறக்கினால் உள்ளங்கால் கிழிந்துவிடும். கிழிந்த காலோடு மறுபடி சேற்றில் இறங்க வேண்டும். நகரத்துக் கடைகளில் ஜீப்புக்கு விற்கும் சில சைடு ஸ்டெப்புகளிலும் இதே கூர்ப்பல் உண்டு. ‘கிரிப் நல்லா இருக்கும்’ என்று சொல்லித் தருவார்கள். வாங்குவதற்கு முன்னால் உங்கள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கை தாங்காததை அப்பாவின் காலுக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது வேறுபாடு எடை. ஆழமான பனியில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அதனால்தான் அலுமினியம், இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். நமக்கு அந்தக் கவலை இல்லை. டயருக்குள் தண்ணீர் நிரப்பியும், முன்னால் இரும்புக் கட்டி மாட்டியும் எடையைக் கூட்டித்தானே உழுகிறோம். பின் அச்சில் ஸ்பிரிங் இல்லாத வண்டி டிராக்டர். வரப்பு ஏறி இறங்கும் அதிர்ச்சி முழுவதும் பிராக்கெட்டுக்கு வரும், நாளடைவில் அலுமினியம் போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் விடும். அலுமினியமும் இரும்பும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் அரிக்கும். பொட்டாஷ் மூட்டையை ஃபுட்போர்டில் வைத்து வயலுக்குக் கொண்டுபோகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. பொட்டாஷில் இருப்பது குளோரைடு உப்புத்தான், சிந்தினால் போதும். எல்லாவற்றுக்கும் மேல், இரும்புப் போர்டு வளைந்தால் வீரவநல்லூரிலேயே தட்டி நிமிர்த்தி வெல்டு வைத்துக்கொள்ளலாம். அலுமினியம் வெல்டிங்குக்கு ஆர்கான் கேஸ் உள்ள இடமாகத் தேட வேண்டும். நாற்று முதிர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் போர்டுக்காக வண்டியை நிறுத்த முடியுமா?

அப்படியானால் என்ன போடலாம். நான் சொல்வது ஒரே தகடு இல்லை. போர்டை மூன்று பாகமாகப் பிரித்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் வரும் பாகத்தில் ஓட்டை வேண்டாம். சக்கரம் வாரி அடிக்கும் சேறும் முள்ளும் ஓட்டை வழியாக மேலே வந்து அப்பாவின் முகத்தில் அடிக்கும். அங்கே வெறும் மூடிய தகடு போதும். பெடலுக்குக் கீழே குதிகால் ஊன்றும் பாகத்துக்கு, ஓட்டை போட்டு அதன் விளிம்பை உருட்டி மேலே எழுப்பிய தகடு. ஒரு வரிசை ஓட்டை மேல்நோக்கியும் அடுத்த வரிசை கீழ்நோக்கியும் இருப்பது இன்னும் நல்லது: மேல்நோக்கியது காலைப் பிடிக்கும், கீழ்நோக்கியது சேற்றை விடும். விளிம்பு கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். ஓட்டை, கால்விரல் மாட்டிக்கொள்ளாத அளவுக்குச் சின்னதாகவும் களி அடைத்து நிற்காத அளவுக்குப் பெரியதாகவும் வேண்டும் என்பதால் விட்டம் 18 முதல் 20 எம்.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏறி இறங்கும் வெளி ஓரம். அப்பா விழுந்தது இங்கேதான். இங்கே தகடே வேண்டாம். இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் அடித்து, அதில் 12 எம்.எம். முறுக்குக் கம்பிகளை இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வண்டியின் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது கால் வெளிப்பக்கமாகத்தான் வழுக்கும், கம்பி அதற்குக் குறுக்கே இருந்தால் தடுக்கும். கம்பியின் மேல் உள்ள வரி வெறுங்காலுக்குப் பிடிப்புத் தரும், அறுக்காது. சேறு கம்பிக்கு நடுவே பிதுங்கிக் கீழே விழுந்துவிடும். எப்போதாவது அடைத்தாலும் ஒரு குச்சியால் தள்ளிவிடலாம். கட்டிட வேலையில் மிஞ்சிய கம்பியே போதும். உங்கள் பட்டறைக்காரருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை.

பட்டறைக்காரர் சொன்ன வெல்டிங்குக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அசையக் கூடாது என்று சொல்கிறார். ஆனால் டிராக்டரின் கியர்பாக்ஸ், பின் அச்சை மூடியிருக்கும் கூடு எல்லாம் வார்ப்பிரும்பு. அடிச்சட்டம் என்று தனியாக ஒன்று இல்லாமல் அந்த வார்ப்பே வண்டியின் முதுகெலும்பாக நிற்கிறது. வார்ப்பிரும்பை முன்கூட்டிச் சூடுபண்ணாமல், அதற்குரிய நிக்கல் ராடு இல்லாமல் சாதா ராடால் வெல்டு வைத்தால், ஆறும்போது பக்கத்திலேயே மயிரிழை விரிசல் விடும். அன்றைக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் ஆயில் கசியும், போர்டைக் கழற்றிப் பார்த்தால் அந்த வார்ப்பில் கீறல் ஓடியிருக்கும். ஆயிரக் கணக்கில் முடியும் வேலைக்கு லட்சக் கணக்கில் செலவு வைக்காதீர்கள். கியர்பாக்ஸில் புதிதாக ஓட்டை போடவும் விடாதீர்கள். கம்பெனி ஏற்கெனவே மரை போட்டு விட்டிருக்கும் இடங்களும் பிராக்கெட்டுகளும் போதும். பழைய போர்டு எதில் நின்றதோ அதிலேயே புதுசும் நிற்க வேண்டும்.

அதனால் வெல்டிங் முழுவதையும் வண்டியை விட்டுத் தள்ளிக் கீழே வைத்து முடித்துவிட்டு, முடிந்த போர்டைக் கொண்டுவந்து போல்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். பிராக்கெட் ஒன்றைப் பொருந்தவைக்க வண்டியிலேயே ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்று அவர் சொன்னால், பேட்டரியின் இரண்டு வயரையும், நெகட்டிவை முதலில், கழற்றிய பிறகுதான். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தள்ளி மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைப் பொத்தல் போட்டுவிடும். அப்பாவுடையது 45 குதிரைத்திறன் என்பதால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைக் காப்பாற்றினால் போதும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து புது புகை விதி வந்து, இன்ஜினைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் வெல்டிங் ராடை வண்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இப்போது அப்பா கேட்ட அரை அடி.

தம்பி, இதில் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஒருவரும் ஏறக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், இடது போர்டில் ஒருவர் எங்கே நிற்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் பெரிய சக்கரத்தின் கட்டைகள் மேலிருந்து கீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிடித்துக்கொள்ள மட்கார்டின் வழவழப்பான விளிம்புதான். வாய்க்கால் கரையில் ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கினால் போதும், நிற்கிறவர் பின்னால் சரிவார். சேலையின் ஓரம் சக்கரத்தில் சிக்கினால் கால் வழுக்கவே வேண்டியதில்லை, அதுவே இழுத்துவிடும். விழுகிற இடம் பின்சக்கரத்துக்கு முன்னால். வண்டி நடக்கிற வேகத்தில் போனாலும் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துக் கிளட்சை மிதிப்பதற்குள் சக்கரம் ஏறியிருக்கும். பின்னால் மண்ணைக் கிளறும் கத்திகள் சுழலும் ரோட்டவேட்டர் மாட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராக்டர் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இந்த மாதிரி விபத்துக்குப் பிறகு வண்டி எப்படி வந்து நிற்கும் என்று தெரியும். நான் அதை இங்கே எழுத விரும்பவில்லை.

இன்னொன்று, இடம் இருந்தால் ஆள் ஏறுவார்கள். அப்பா ‘ரெண்டு பேர்’ என்று நினைத்து அகலம் வைப்பார். நடவு நாளில் வெயிலுக்கு அலுத்த நாலு பெண்கள் ‘அண்ணாச்சி, நாங்களும் வாறோம்’ என்பார்கள். அவர் மனசுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது. அந்தச் சங்கடத்தை அவருக்கு வைக்காதீர்கள். போர்டில் இடமே இல்லை என்றால் கேட்கிறவர்களும் கேட்க மாட்டார்கள். நடவாட்கள் மெயின்ரோட்டிலிருந்து வயலுக்கு வர ஓர் ஆட்டோவுக்கு வாடகை கொடுத்துவிடுங்கள். நீங்கள் சென்னையிலிருந்து அனுப்பும் பணத்தில் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, ‘இது ஆள் கூட்டி வர’ என்று சொல்லிக் கொடுத்தால் அப்பா பேச்சை வளர்க்க மாட்டார்.

அகலம் கூட்டக் கூடாததற்கு வண்டியின் பக்கத்திலிருந்தும் காரணம் உண்டு. ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்துப் போர்டின் முன்மூலைக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வலப்பக்கம். காய்ந்த டயரை அளந்து திருப்திப்பட வேண்டாம். தொளியில் டயர்மேல் களி அப்பிக்கொண்டு பருத்துவிடும். ஆறு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பின்பக்கமும் அப்படித்தான். தொளிக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை (கேஜ் வீல்) மாட்டிய பிறகு அளக்க வேண்டும், மாட்டுவதற்கு முன்னால் அல்ல.

மாட்டும் நாளில் யார் வேலை செய்தாலும் நீங்கள் ஊரில் இருப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் வந்தால் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பதற்கு முன் நிதானமாக முடிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்னால் மாட்டியிருக்கும் கருவியைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பழைய போர்டைக் கழற்றுவதற்கு முந்தின நாளே போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்; துருப்பிடித்த போல்ட்டை முறுக்கி ஒடித்து, மரை உள்ளேயே மாட்டிக்கொண்டால் அதை எடுப்பது தனி வேலை. கழற்றிய போர்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுசுக்கு அளவே அதுதான். வண்டியை என்றைக்காவது விற்கும்போதும் கேட்பார்கள். வாரண்டி இன்னும் இருந்தால் டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

போர்டு கழன்றதும் கீழே என்ன இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்னோமொபைலில் பலகை மாற்றுகிறவர்கள் ரிவெட்டைத் துளைத்து எடுக்கும்போது முதலில் பயப்படுவது கூட்டுக்குள் ஓடும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலரைத்தான். டிரில் பிட் ஒரு நூல் ஆழம் கூடினால் கூலன்ட் கொட்டிவிடும். நமக்கும் போர்டுக்கு அடியில் இடது பக்கம் கிளட்ச்சின் இணைப்புக் கம்பி, வலது பக்கம் பிரேக் ராடு, மாடலைப் பொறுத்து ஹைட்ராலிக் பைப், டிரெய்லர் விளக்கு வயர் எல்லாம் ஓடும். போர்டை வண்டியில் வைத்துக்கொண்டு மேலிருந்து ஓட்டை போடுகிற வேலையே கூடாது. குறித்துக்கொண்டு, கீழே எடுத்து வைத்து, அங்கே போடட்டும். பழைய போர்டுக்கு அடியில் ரப்பர் புஷ் இருந்திருந்தால் அதே இடத்தில் புது புஷ் வாங்கிப் போடுங்கள். அது இல்லாமல் இறுக்கினால் இன்ஜின் அதிர்வெல்லாம் அப்பாவின் முழங்காலுக்குப் போகும்.

போல்ட் 8.8 என்று (அதன் வலிமையைச் சொல்லும் எண்) தலையில் பொறித்ததாக இருக்கட்டும். கடையில் உதிரியாகக் கிடக்கும் மெத்துப் போல்ட் வேண்டாம். கீழே நைலான் வைத்த நட், மேலே கீழே அகல வாஷர். டார்க் ஸ்பேனரில் இறுக்கும் அளவு, 12 எம்.எம். போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர், 10 எம்.எம்.முக்கு 45. ரப்பர் புஷ் வரும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே கம்பெனி சொல்லும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். போல்ட் தலை காலில் தட்டாதபடி உள்ளே பதியும் தலையாகவோ ஓரமாகவோ வைக்கச் சொல்லுங்கள். வெறுங்காலை மறுபடி நினைவுபடுத்துகிறேன்.

மாட்டி முடித்ததும் இன்ஜினைப் போடுவதற்கு முன்னால் அப்பாவை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். கிளட்சை அடிவரை மிதித்தால் பெடலுக்கும் போர்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பிரேக்கும் அப்படியே. வலது பக்கத்தை நன்றாகக் கவனியுங்கள். தொளியில் திருப்பும்போது இரண்டு பிரேக்கின் இணைப்பையும் விடுவித்து ஒரு பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள். குதிகால் இந்தப் பெடலிலிருந்து அந்தப் பெடலுக்கு நகரும் வழியில் புதிய போர்டின் விளிம்போ போல்ட்டோ தட்டினால், கால் தவறான பெடலில் விழும். ரோட்டுக்கு வந்ததும் அந்த இணைப்பைத் திரும்ப மாட்டுகிற பழக்கம் அப்பாவுக்கு இருக்கும். புதிய போர்டு அதற்குக் குனியும் கைக்கு இடைஞ்சல் தரக் கூடாது.

போர்டு மட்டும் மாற்றினால் போதாது, படியும் பிடியும் சேர்ந்தால்தான் 63 வயதுக்காரருக்கு உதவும். தரையிலிருந்து முதல் படி 55 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விவசாய இயந்திரங்களுக்கான சர்வதேசத் தரவிதி. சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி அளந்து பாருங்கள். வயலில் சக்கரம் புதைந்திருக்கும்போது படி தாழ்வாகத் தெரியும், ரோட்டில் இறங்கும்போதுதான் உயரம் புரியும். அளவு கூடினால் கீழே இன்னொரு படி தொங்கவிட வேண்டும். அதை இரும்பால் விறைப்பாக வைத்தால் முதல் வரப்பிலேயே இடித்து வளையும். இரண்டு பக்கமும் பழைய கன்வேயர் பெல்ட் துண்டில் தொங்கவிட்டால் இடித்தால் பின்னால் மடங்கி, தாண்டியதும் தானாகத் திரும்பி வந்துவிடும். பெரிய இயந்திரங்கள் பலவற்றில் அடிப்படியை இந்த முறையில்தான் ரப்பரில் தொங்கவிடுகிறார்கள்.

பிடிக்கு, இடது மட்கார்டில் ஒரு அங்குலக் குழாயில் கைப்பிடி ஒன்று போல்ட்டில் மாட்டுங்கள். பெரும்பாலோர் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். அது சுற்றும் பொருள், பிடி இல்லை. இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, ஏறிய மாதிரியே பின்னோக்கி இறங்க வேண்டும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை, எப்போதும் மூன்று இடம் வண்டியில் இருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்துக் குதித்து இறங்குவது இளவட்டத்தில் பழகியது. அப்பா உடனே மாற்றிக்கொள்ள மாட்டார். கைப்பிடி சரியான உயரத்தில் கைக்கு வாட்டமாக இருந்தால் உடம்பு தானாகத் திரும்பும். ஆகவே கைப்பிடியின் இடத்தை நீங்களோ பட்டறைக்காரரோ முடிவுசெய்யாதீர்கள். அப்பாவை ஏறி இறங்கச் சொல்லி, அவர் கை எங்கே தேடுகிறதோ அங்கே சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

துருவுக்கு, வெட்டுதல் வெல்டிங் ஓட்டை எல்லாம் முடிந்த பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்ய வசதி கிடைத்தால் அதுதான் மேல். ஏற்கெனவே கால்வனைஸ் ஆன கம்பியையும் தகட்டையும் வாங்கி வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகை பட்டறைக்காரருக்கும் காய்ச்சலைக் கொடுக்கும். வசதி இல்லையென்றால் துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட், மேலே பெயின்ட். பவுடர் கோட்டிங் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மண்வெட்டி ஒருமுறை பட்டுப் பெயர்ந்தால் அடியில் துரு பரவுவது வெளியே தெரியாது. கறுப்பு வேண்டாம், வெளிர் சாம்பல் அடியுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்புத் தகட்டில் வெறுங்காலை வைத்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

முதல் நாள் தொளி அடித்து வந்ததும் போர்டைக் கழுவி, எல்லாப் போல்ட்டையும் ஸ்பேனர் வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். புதுப் பெயின்ட் அமுங்குவதால் ஒன்றிரண்டு லேசாகத் தளர்ந்திருக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அதற்குப் பிறகு ஆயில் மாற்றும்போது பார்த்தால் போதும்.